கிரவல் முற்றத்தில் அறுகு

ஓமந்தையிலிருந்து மாங்குளம் வரை ஏ9 வீதியின் இருபுறமும் உள்ள மேட்டுக் காணிகளில் அலவாங்கு போட்டவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். மேலே ஒரு சாண் செம்மண் இடங்கொடுக்கும். அதற்குக் கீழே இரும்பு கல்லில் மோதும். கையை விட்டுக் கிளறினால் பட்டாணி அளவிலிருந்து எலுமிச்சங்காய் அளவு வரை செங்கபிலக் கற்களும், இடையிடையே வெள்ளைக் கற்களும் வரும். வன்னியில் இதற்குக் கிரவல் என்று பெயர். வீதி போடவும் வீட்டுக்கு நிலம் உயர்த்தவும் இதைத்தான் அள்ளிப் போகிறார்கள். மரக்கன்று வைக்க நினைப்பவர் அலுத்துப்போய் அலவாங்கைச் சாத்திவிடுகிறார்.

இப்படிப்பட்ட வளவில் புல் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாக ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஒரு ட்ராக்டர் லோட் மண் இறக்கி, கல்லுக்கு மேலே பரப்பி, அதில் வாங்கி வந்த புல்லைப் பதிக்கிறார்கள். மாரி முழுவதும் பச்சையாக நிற்கும். சித்திரையில் மஞ்சளாகும், ஆவணிக்குள் தூசியாகும். அடுத்த மாரியின் முதல் பெரிய மழை அந்த மண்ணைப் படலை வழியாக ஒழுங்கைக்குக் கொண்டுபோய்விடும். காசு போனதை விட எனக்கு வருத்தம் தருவது, அந்த மண் வேறொரு வயலின் மேல்மண் என்பதுதான். கல் நிலத்தில் புல் வளராததற்குக் கல்லைக் காரணமாகச் சொல்வது பாதிதான் சரி. அந்தக் கல் எப்படி வந்தது, மழை அதன்மேல் என்ன செய்கிறது என்று பார்த்தால், அதே கல்லை நம் பக்கம் வேலை வாங்கலாம்.

இலங்கையின் அடிப்பாறைகளைப் புவியியலாளர்கள் சில பெருந்தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் பெயரே வன்னித் தொகுதி. வவுனியாவும் அதைச் சுற்றிய நிலமும் இந்தப் பாறையின் மேல்தான் இருக்கின்றன. பெரும்பகுதி கருங்கல் போன்ற வரிப்பாறை. அதன் மூலப் பொருள் உருவான காலம் ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகளுக்கும் 77 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் ஒன்றாய் ஒட்டி கொண்டுவானா என்ற பெருநிலம் உருவானபோது, இந்தப் பாறை நிலத்துக்கு அடியில் பல கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து நெரிந்து உருமாறியது. வடக்கே பூநகரிப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே அடியில் இருப்பது கடல் தந்த சுண்ணாம்புக்கல், வயதில் மிக இளையது. முற்றத்தில் கிடக்கும் கல்லின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பாறையின் மேல் வீடு கட்டியிருக்கிறோம் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

வரிப்பாறை காலப்போக்கில் உக்கும். அதிலுள்ள களிக்கல் போன்ற கனிமங்கள் களிமண்ணாகிவிடும். படிகக்கல் எளிதில் உக்காது. கிரவலில் கிடக்கும் வெள்ளைக் கற்கள் அப்படி மிஞ்சியவை. செங்கபிலக் கற்கள் பிறந்த விதம் இன்னும் சுவையானது. மாரியில் நீர் தேங்கி மண்ணுக்குள் காற்று இல்லாமல் போகும்போது இரும்பு கரைந்து நகரும். கோடையில் நீர் இறங்கிக் காற்று நுழைந்ததும் அது துருவாகி உறையும். பல்லாயிரம் மாரியும் கோடையும் மாறி மாறி வர, உறைந்த துரு படைபடையாய்ச் சேர்ந்து கல்லாகிறது. ஆக, கிரவல் என்பது வன்னியின் காலநிலையே மண்ணுக்குள் எழுதிவைத்த பதிவு.

1961இல் எஃப். ஆர். மூர்மன் என்பவரும் சி. ஆர். பானபொக்கவும் இலங்கை மண்களை வகைப்படுத்தியபோது இந்த மண்ணைச் செங்கபில மண் என்ற வகையில் வைத்தார்கள். உலர் வலயத்தின் மேட்டிலும் சரிவிலும் இருப்பது இதுதான். பள்ளத்தில், குளத்துக்குக் கீழே வயலாகக் கிடப்பது வேறு மண், சாம்பல் நிறமானது, நீர் தங்குவது. வன்னியில் வீடு மேட்டில், வயல் பள்ளத்தில் என்ற பழைய ஏற்பாட்டுக்குப் பின்னால் இந்த மண் வரிசையும் இருக்கிறது. செங்கபில மண்ணின் குணம் பிடிவாதமானது. காய்ந்தால் செங்கல், நனைந்தால் பசை. இரண்டுக்கும் நடுவில் மண்வெட்டிக்கு இணங்கும் நாட்கள் மிகக் கொஞ்சம். அந்த நாட்களைத் தவறவிட்டவர் அடுத்த மழைக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

இயற்கையாக இந்த மண்ணின் மேல் காட்டுச் சருகு உக்கிய மெல்லிய கறுப்புப் படை ஒன்று இருக்கும். மீள்குடியேறிய பல வளவுகளில் அது இல்லை. போரால் ஆளில்லாத ஆண்டுகளில் காணிகளில் பற்றை எழுந்தது. 2009க்குப் பின் திரும்பி வந்தவர்கள் டோசர் வைத்துத் துப்பரவு செய்தார்கள். டோசரின் அலகு பற்றையோடு மேல்மண்ணையும் சேர்த்து வேலியோரம் தள்ளிவிட்டது. கண்ணிவெடி அகற்றிய இடங்களில், பணியாளர்கள் இரும்பு வாரியால் மண்ணைச் சிறிது சிறிதாக வாரித் தேடினார்கள். உயிர் காத்த வேலை அது. ஆனால் அதன்பின் மேலே இருந்தது கீழும் கீழே இருந்தது மேலுமாகக் கலந்துபோனது. உங்கள் வேலியோரத்தில் பழைய மண் மேடு ஏதும் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். வாங்கப் போகும் ஒரு லோட் மண்ணைவிட நல்ல மண் அதில் இருக்கக்கூடும். ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கிண்டும்போது இனந்தெரியாத இரும்போ பிளாஸ்ரிக் மூடியோ தென்பட்டால் தொடாமல், அசைக்காமல், இடத்துக்கு அடையாளம் வைத்து விட்டு விலகிப் பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவுக்கோ அறிவியுங்கள். இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது 2017 டிசெம்பரில்தான். அதன் பின்னரும் வன்னியில் அகற்றும் வேலை நடந்துகொண்டே இருந்தது.

இனி மழைக்கு வருவோம். வன்னிக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. இலண்டன் நகரத்துக்குக் கிடைப்பதைப்போல இரண்டு மடங்கு. ஆனாலும் வன்னி வறண்ட நிலம் என்று பெயர் வாங்கியிருக்கிறது. காரணம், அதன் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. பிறகு மாசி முதல் புரட்டாதி வரை வானம் பெரும்பாலும் வெறுமை. வைகாசி பிறந்தால் சோளகம் வேறு எழுந்து நிலத்தின் மிச்ச ஈரத்தையும் துடைத்துக்கொண்டு போகும்.

கொட்டும் மழை வெறும் நிலத்தில் விழும்போது நடப்பதைக் காணக் கருவி எதுவும் தேவையில்லை. வெள்ளையடித்த சுவரின் அடிப்பாகத்தைப் பாருங்கள். முழங்கால் உயரம் வரை செம்மண் கறை படிந்திருக்கும். ஐந்து மில்லிமீற்றர் பருமனுள்ள பெரிய மழைத்துளி விநாடிக்கு 9 மீற்றர், அதாவது மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் நிலத்தை அடிக்கிறது. அந்த அடியில் மண்கட்டி உடைந்து சிதறித் தெறித்ததன் அடையாளம்தான் அந்தக் கறை. 1940களில் அமெரிக்க ஆய்வாளர் டபிள்யூ. டி. எலிசன் இதை அளந்து, மண்ணரிப்பின் முதல் குற்றவாளி ஓடும் நீரல்ல, விழும் துளி என்று காட்டினார். உடைந்த நுண்மண் மண்ணின் துளைகளை அடைத்து மேலே மெல்லிய ஓடாக இறுகும். ஓடு பிடித்த நிலத்துக்குள் நீர் இறங்காது. அரை மணி மழை பெய்து முற்றம் முழுவதும் வெள்ளம் ஓடிய பின்னும், இரண்டு விரற்கடை கீழே மண் காய்ந்திருப்பது இதனால்தான்.

இந்த இடத்தில் கல்லுக்கு இரண்டு முகங்கள் இருக்கின்றன. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ழான் பூசனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1990களில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். மண்ணின் மேல் தளர்வாகக் கிடக்கும் கல் துளியின் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. அதன் அடியில் ஓடு பிடிக்காத மண் காக்கப்படுகிறது. கல்லின் ஓரம் வழியாக நீர் உள்ளே இறங்கும். அதே கல் இறுகிய ஓட்டுக்குள் பாதி புதைந்து கிடந்தால், நீர் அதன்மேல் வழுக்கி ஓடிவிடும். ஒரே கல், ஒரே மழை. கிடக்கும் விதம் மாறினால் விளைவு தலைகீழாகிறது. வன்னி முற்றத்தில் பெரும்பாலும் இருப்பது இரண்டாவது நிலை. காலால் மிதித்தும் ட்ராக்டர் ஏறியும் கிரவல் மண்ணோடு மண்ணாய் இறுகிக் கிடக்கிறது. கல்லை அகற்ற வேண்டியதில்லை. அதை ஓட்டிலிருந்து விடுவித்து மேலே தளர்வாகப் போட்டாலே போதும். சீனாவின் லான்சோ பகுதி உழவர்கள் பல நூற்றாண்டுகளாக வயலின் மேல் சரளைக்கல் பரப்பித் தர்ப்பூசணி விளைவிக்கிறார்கள். கல் மூடிய மண்ணிலிருந்து ஈரம் எளிதில் ஆவியாகாது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள்.

மேற்கு ஆபிரிக்காவின் புர்கினா பாசோ நாட்டில் இதைவிட நமக்கு நெருக்கமான பாடம் ஒன்று உண்டு. அங்கும் செங்கபிலக் கிரவல், அங்கும் ஒரே ஒரு மழைக்காலம். யகூபா சவடோகோ என்ற உழவர் 1980களில் தம் ஊரின் பழைய குழி முறையைத் திருத்தி எடுத்தார். கோடையிலேயே இறுகிய நிலத்தில் ஒரு முழத்துக்குள் அகலமும் அரை அடி ஆழமும் உள்ள குழிகளைத் தோண்டி எருவும் சருகும் போட்டு வைப்பார். சரிவுக்குக் குறுக்கே கற்களை வரிசையாக அடுக்குவார். எருவைத் தேடிக் கறையான் வரும். அது குடையும் வழிகளில் முதல் மழை உள்ளே இறங்கும். பயிர் விளையாது என்று கைவிட்ட நிலத்தில் அவர் காடே வளர்த்தார். 2018இல் அவருக்கு மாற்று நோபல் என்று அழைக்கப்படும் விருது கிடைத்தது. 2023 டிசெம்பரில் காலமானார்.

கறையானை வேலைக்காரனாகப் பார்ப்பது கூரைத் தடியைப் பறிகொடுத்த வன்னிக்காரருக்குக் கடினம். ஆனால் வளவில் எழும் புற்றைக் கொஞ்சம் உடைத்துப் பார்த்தால், அதில் ஒரு கல்லும் இருக்காது. கிரவலுக்குக் கீழேயிருந்து நுண்மண்ணை மட்டும் வாயால் கவ்விக் கொண்டுவந்து கட்டியது அது. வெப்பவலயங்களில் மேலே நுண்மண்ணும் கீழே கற்படையுமாக நிலம் பிரிந்திருப்பதற்குக் கறையானும் ஒரு காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வீட்டிலிருந்து தள்ளி இருக்கும் புற்றை விட்டுவையுங்கள்.

வெறும் நிலத்தை எதுவும் செய்யாமல் விட்டால் அது வெறுமையாகவே இருக்கும் என்று எண்ணுவது தவறு. பாத்தீனியம் வரும். மெக்சிக்கோ வளைகுடாப் பக்கத்துச் செடி. இந்தியாவில் 1950களில் பூனாவில் கண்டறியப்பட்டது. இலங்கையில் முதன்முதலாக அடையாளங் காணப்பட்ட இடம் வவுனியா, ஆண்டு 1999. இந்திய அமைதிப்படைக் காலத்தில் கொண்டுவந்த ஆடுகளோடும் தீவனத்தோடும் விதை வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. முளைத்த புதிதில் இலைகளை நிலத்தோடு ஒட்டிச் சக்கரமாக விரித்துப் பக்கத்துச் செடிக்கு வெயில் படாமல் செய்யும். பிறகு நிமிர்ந்து, சில வாரங்களிலேயே வெள்ளைப் பூவாய்ப் பூத்து, ஒரே செடி 15,000க்கும் மேற்பட்ட விதைகளைச் சிந்தும். தோலில் பட்டால் சிலருக்குப் புண்ணாகும் அளவுக்கு அரிக்கும். மகரந்தம் சிலருக்கு இழுப்பைத் தரும். கையுறை போட்டு, பூக்கும் முன்னே வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டால் அடுத்த மழைக்கு அதன் பிள்ளைகள் வரும். இது வெளிச்சமான, குழம்பிய, வெற்று மண்ணை நாடும் செடி. நெருங்கிப் படர்ந்த தரையில் அதன் விதைக்கு இடங்கிடைப்பது அரிது. என்னைக் கேட்டால், வன்னி முற்றத்தை மூடவேண்டிய முதற்காரணம் அழகைவிட இதுதான்.

எதைக்கொண்டு மூடுவது? அறுகு என்பதே என் முதல் விடை. பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அறுகு. இதன் உறுதி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

செடிகளில் பெரும்பாலானவை காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும்போது இலைத்துளைகளை அகலத் திறந்து நீரை இழக்கின்றன. கரும்பு, சோளம், அறுகு போன்றவை வேறொரு வழியைக் கைக்கொள்கின்றன. வாயுவை முதலில் நான்கு காபன் அணுக்கள் கொண்ட சேர்மமாகப் பிடித்து, இலையின் உட்பகுதியில் நரம்பைச் சூழ்ந்த சிறப்புக் கலங்களுக்குக் கொண்டுபோய் அங்கே அடர்த்தியாக விடுவிக்கின்றன. 1966இல் ஹட்ச், ஸ்லாக் என்ற இருவர் அவுஸ்திரேலியாவில் கரும்பு இலையைக்கொண்டு இதை விளக்கினார்கள். இதனால் இலைத்துளையைக் குறுக்கித் திறந்தாலும் உணவு தயாரிக்க முடியும். அதே நிறை வளர்வதற்கு இவ்வகைச் செடிக்குத் தேவைப்படும் நீர், மற்றவற்றின் தேவையில் ஏறத்தாழப் பாதி. 35 பாகை செல்சியஸ் வெக்கையில் பல செடிகள் சோரும்போது அறுகுக்கு அதுவே நல்ல காலம்.

அடுத்தது அதன் உடல் அமைப்பு. அறுகு இரண்டு விதமாக நடக்கும். மேலே கொடியாக ஓடும். கீழே மண்ணுக்குள் வெண்ணிறத் தண்டாகவும் ஓடும். இரண்டிலும் கணுவுக்குக் கணு வேர்விடும் திறன் உண்டு. ஆழமான மண்ணில் அதன் வேர் ஒரு மீற்றரைத் தாண்டும். கிரவலில் அவ்வளவு முடியாது, கற்களின் இடுக்கு வழியே எட்டும் வரை இறங்கும். கல் நிலத்துக்கு மிக முக்கியமான குணம் இனித்தான் வருகிறது. கொடி ஒரு பாறைத் தட்டின் மேல் போனால் அங்கே வேர்விட இடமில்லை. ஆனாலும் கணுக்கள் சாவதில்லை. பின்னால் மண்ணில் வேரூன்றிய கணுக்கள் நீரையும் உப்புக்களையும் கொடி வழியாக முன்னே அனுப்புகின்றன. தூரத்து நாட்டில் உழைக்கும் பிள்ளை ஊரிலுள்ள குடும்பத்தைத் தாங்குவதைப்போல, ஒரு வெடிப்பில் வேரூன்றிய கணு ஒன்று கல்லின் மேல் கிடக்கும் பல கணுக்களைத் தாங்கும். முனை பாறையைக் கடந்து மறுபக்க மண்ணைத் தொட்டதும் அங்கேயும் வேர்விடும். எனவே முற்றம் முழுவதும் மண் நல்லதாக இருக்கத் தேவையில்லை. நல்ல புள்ளிகள் சில இருந்தால் போதும்.

கோடையில் அறுகு வைக்கோல் நிறமாகும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள். ஒரு கொடியை எடுத்து நகத்தால் கணுவைக் கீறினால் உள்ளே பச்சை தெரியும். மேலிலையை விட்டுவிட்டுக் கணுவிலும் நிலத்தடித் தண்டிலும் சேமிப்பை வைத்துக்கொண்டு அது உறங்குகிறது. அந்த நேரத்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் தெளிப்பது உதவியல்ல. மேலோட்டமான ஈரத்தைத் தேடி வேர் மேலேயே பரவும். கிணற்று நீரைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் வைத்திருங்கள். கட்டாக்காலி மாடுகள் வந்து மேய்ந்தாலும் அறுகின் வளர்முனை நிலத்தோடு ஒட்டி இருப்பதால் மீண்டுவிடும். நட்ட முதல் மாரியில் மட்டும் அவற்றை மறிக்க வேண்டும்.

நடுவதற்கான வேலை ஆவணி, புரட்டாதியிலேயே தொடங்குகிறது. முற்றத்தில் மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று போன மாரியை நினைத்துப் பாருங்கள். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே, இரண்டு மூன்று அடிக்கு ஒன்றாக, வளவிலேயே கிடக்கும் பெரிய கற்களை வரிசையாக வையுங்கள். கல் பாதி மண்ணுக்குள் இருந்தால்தான் வெள்ளம் அடியைக் குடையாது. வரிசைக்கு மேற்பக்கமாக அலவாங்கால் கிரவலை உடைத்து, ஒரு சாண் அகலத்தில் அரை அடிக் குழிகள் போட்டு, மக்கிய மாட்டெருவும் வேலியோர மண்ணும் கலந்து நிரப்பி விடுங்கள். விளிம்பு வரை நிரப்பாமல் மேலே இரண்டு விரல் பள்ளம் இருக்கட்டும், அதில்தான் நீர் தங்கும். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்து மண் இளகியதும், குளக்கரையிலோ வயல் வரம்பிலோ எடுத்த அறுகங்கொடியை மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள்ளும் மிச்சம் வெளியிலுமாக நட்டு, காலால் மிதித்து இறுக்குங்கள். பிடுங்கிய கொடி வெயிலில் ஒரு மணிநேரம் கிடந்தாலே வாடிவிடும், ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள். குழிகளுக்கு இடையில் உடைத்தெடுத்த கிரவலைத் தளர்வாகப் பரப்பிவிடலாம். தைக்குள் கொடிகள் ஒரு குழியிலிருந்து அடுத்ததைத் தொடும். தொடாத இடங்களை அடுத்த மாரியில் நிரப்பலாம்.

கடையில் சதுரம் சதுரமாக விற்கும் அகன்ற இலைப் பஃபலோ புல்லை இந்த மேட்டு நிலத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது வெப்ப அமெரிக்காவின் ஈர நிலத்துப் புல், வேர் மேலோட்டமானது. கொழும்பின் மழைக்கு ஏற்றது.

அறுகு நிழலைத் தாங்காது. மாமரத்தின் கீழும் வேம்பின் கீழும் அதை நட்டுக் கஷ்டப்பட வேண்டாம், சருகே அங்கே நல்ல மூடாக்கு. வெயில் இடங்களில் அறுகுக்கு நடுவே சிறுபுள்ளடி தானாக வந்தால் விட்டுவிடுங்கள். மூன்று சிற்றிலைகளோடு நிலத்தோடு படரும் இது அவரைக் குடும்பத்தது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தருவதால் பக்கத்து அறுகும் கரும்பச்சையாகும். நீல விழி போன்ற பூவோடு வரும் விஷ்ணுகிராந்தி வெறும் கிரவலிலேயே படரும். கிணற்றடியில் வழியும் நீருக்குப் பொடுதலையும் வல்லாரையும் பொருத்தம். வேலியோரத்தில் காவிளாய் விதையைத் தூவலாம். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பசளைக்கென்று தாழ்த்தும் செடி அது. அதன் ஆணிவேர் கிரவலைத் துளைத்து இறங்கும். பாத்தீனியம் அடர்ந்த மூலைக்குத் தகரையை விதைத்துப் பார்க்கலாம். இந்தியாவில் தகரையையும் அதன் உறவுச் செடிகளையும் கொண்டு பாத்தீனியத்தை நெருக்கி அடக்கும் முறை பயன்பட்டிருக்கிறது. தளிரைச் சுண்டலும் செய்யலாம். நெருஞ்சியை மட்டும் காய் பிடிக்குமுன் அகற்றுங்கள், வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளுக்காக.

முல்லைத்தீவுக் கரையில் வளவு உள்ளவர்களுக்கு இவற்றில் பெரும்பகுதி பொருந்தாது. அங்கே மணலும் உப்புக் காற்றும். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் அந்தத் தரைக்கு உரியவை, அவற்றை வெட்டிச் சுத்தம் செய்யாமல் இருந்தாலே போதும்.

கடைசியாக, வீட்டில் பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பாம்புக்கு என்ன செய்வது? முற்றத்தைத் தினமும் கூட்டி வெறுமையாக வைத்திருக்கும் வழக்கம் அறியாமையால் வந்ததல்ல. வன்னியில் கண்ணாடிப் புடையனும் சுருட்டையும் இருக்கின்றன. வெறும் நிலத்தில் ஊரும் எதையும் தூரத்திலேயே காணலாம். எனவே வீட்டைச் சுற்றி ஆறேழு அடி அகலத்துக்குக் கூட்டிய முற்றத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால்தான் புல், அதுவும் கணுக்கால் உயரத்துக்கு மேல் போகாமல். தோண்டியெடுத்த கற்களை வீட்டருகே குவிக்கக் கூடாது. பாம்புக்கும் தேளுக்கும் புல்லைவிடக் கற்குவியல்தான் பிடித்த இடம்.

கூரையிலிருந்து கூட்டிய முற்றத்தில் விழும் நீர் வீணாகவும் வேண்டியதில்லை. போருக்குப் பின் இந்திய உதவியோடு நடந்த வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு 550 சதுர அடி, அதாவது 51 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழைக்கு அந்தக் கூரையிலிருந்து 51 லீற்றர் இறங்கும். 40 மில்லிமீற்றர் பெய்த ஒரு நாளில் 2,000 லீற்றர், ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் என்றால் 61,000 லீற்றர். பீலி போட்டு, ஒரு குழாயால் அந்த நீரைக் கூட்டிய முற்றத்தைத் தாண்டி முதல் கல் வரிசைக்கு மேலே விடுங்கள். குழாய் வாயில் நாலைந்து தட்டைக் கற்களை அடுக்கினால் வேகம் தணிந்து நீர் விரிந்து பாயும். மாசியிலும் பச்சை குறையாமல் நிற்கும் பகுதி அதுவாகத்தான் இருக்கும். அடுத்த ஆண்டு நடுவதற்கு வேண்டிய கொடியை அங்கிருந்தே வெட்டிக்கொள்ளலாம்.